கரண்டி கொடுத்த வாக்கு

ஒரு சமையலறையில் ஒரு கரண்டியும் ஒரு மூடியும் இருந்தன. உடம்புக்குக் கொழுப்பு ஆகாது என்று அந்த வீட்டில் அன்று சைனீஸ் முறையில் காய்கறி. வாணலியில் ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெய். பூண்டு மணந்ததும் கேரட்டும் குடைமிளகாயும் முட்டைக்கோஸும் உள்ளே இறங்கின.

"கரண்டியக்கா, நாங்க நறுக்குனு இருந்தாத்தான் இந்தச் சமையலுக்கே அழகு. ரெண்டு புரட்டு புரட்டிட்டு விட்டுடுங்க" என்று கேரட் கெஞ்சியது.

"கூட்டு கிண்டியே தேய்ஞ்சவ நான். ஆனாலும் உனக்காக இன்னிக்கு அடங்கி இருக்கேன், சத்தியம்" என்றது கரண்டி.

"நானும் மூட மாட்டேன்" என்றது மூடி.

கரண்டி இரண்டு புரட்டோடு ஒதுங்கிக்கொண்டது. உடனே பயம் பிடித்துக்கொண்டது. "அடிப்பிடிச்சிட்டா?" என்று ஒரு முறை கிண்டியது. "வேகாம யாருக்காவது வயிறு வலிச்சா?" என்று மறுபடியும் கிண்டியது. பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் தண்ணீரை மொண்டு ஊற்றியது.

"ஆவி வீணாப் போகுதே" என்று மூடியும் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது.

வெகுநேரம் கழித்து மூடி இறங்கியது. சோயா சாஸ் பாட்டில் வாணலிக்குள் எட்டிப் பார்த்தது. "இதுக்கு நான் வரணுமா, இல்ல தேங்காயைக் கூப்பிடட்டுமா?"

கரண்டிக்கு வெட்கமாகிவிட்டது. "போயும் போயும் என்னை நம்பினியே! மன்னிச்சிடு கேரட்டு" என்று குனிந்தது. இன்னும் குனிந்து தேடிப் பார்த்தது.

"ஏண்டி மூடி, இதுல கேரட் எது?"