கோல்கீப்பரின் கால்

"காலை ஆட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நானா ஆட்டறேன்? அதுவா ஆடுது."

ஸ்டூல் மேல் நீட்டியிருந்த இடது காலில் கணுக்காலிலிருந்து முட்டி வரைக்கும் கட்டு. வெளியே தெரிந்த ஐந்து விரல்களும் ஒரு நிமிடம்கூடச் சும்மா இல்லை. இரண்டு தெரு தள்ளி மேட்ச் தொடங்கிவிட்டது. தன் டீம் விளையாட, கோல்கீப்பர் வீட்டில் உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை.

"மாடிக்குப் போய்ப் பாரேன்."

மனைவி ஓடினாள். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மைதானத்தின் ஒரு கோல் போஸ்ட்தான் தெரியும். இன்னொன்றைப் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மறைத்துவிடும். தெரிந்த போஸ்ட்டில், இவருக்குப் பதிலாக பேக்கரிக்காரர் நின்றார். அவள் பார்க்கும்போதே பந்து அவர் காலிடுக்கில் புகுந்து வலைக்குள் போனது.

கீழே வந்து சொன்னாள். மறுபடி போனாள். மறுபடி வந்தாள்.

"ரெண்டு வாங்கிட்டாரு."

"ரெண்டுதானா?" என்றார் அவர்.

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தாள்.

அந்த டீமை ஆரம்பித்ததே அவர்தான். வெல்டர், பஸ் டிரைவர், பேக்கரிக்காரர் என்று வேலை முடிந்து வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்துச் சேர்த்தவர். அவரைச் 'சுவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் சரிதான். இந்த வருஷம் சுவரில் கதவு, ஜன்னல் எல்லாம் வைத்தாகிவிட்டது. ஆடிய மேட்ச் அத்தனையும் தோல்வி. இன்றைக்கும் தோற்றால் லீக்கிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அப்புறம் டீமே கிடையாது.

வியாழக்கிழமை பயிற்சியில் அவர் விழுந்த கையோடு கேப்டன் வெல்டர் அவளுக்கு போன் செய்தார்.

"அண்ணி, அண்ணனுக்கு வலது கால் மடங்கிடுச்சு. உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வந்துட்டிருக்காரு. பெருசா ஒண்ணும் இருக்காது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பெருசா இருக்குன்னு சொல்லிடுங்களேன், அண்ணி. நிறுத்திக்குங்கன்னு அவர் மூஞ்சியப் பாத்து எங்களால சொல்ல முடியல. ஆனா டீம் போச்சுன்னா அவரு உடைஞ்சு போயிடுவாரு."

எலும்பு ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவதுதான் அவள் வேலை. அவர் வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக, முகத்தைக்கூடப் பார்க்காமல், படபடவென்று காலைச் சுற்றிக் கட்டினாள். "தசைநார் கிழிஞ்சிருக்கு. ஒரு மாசம் அசையக் கூடாது." அவர் சரியென்று தலையாட்டினார். அவர் அப்படி நம்பியதுதான் மூன்று நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. வெல்டரும் மற்றவர்களும் வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

பொய்யும் சொல்லி, மேட்சும் போய்விட்டால்?

"பக்கம் மாறிட்டாங்க. இப்ப எதிராளி போஸ்ட்தான் தெரியுது" என்று மாடிப்படியிலிருந்து குனிந்து சொன்னாள்.

"நம்ம போஸ்ட்?"

"தொட்டிக்குப் பின்னால."

"போச்சு! இனிமே நமக்கு விழுந்தாக்கூடத் தெரியாதா?"

மைதானத்திலிருந்து 'ஓ'வென்று சத்தம் வந்தது. யாருக்கு, என்னவென்று தெரியவில்லை. அவள் நகத்தைக் கடித்தாள். கீழே ஸ்டூல் கடகடவென்று ஆடியது. திடீரென்று வெல்டர் எங்கிருந்தோ பாய்ந்து வந்து தலையால் முட்டினார். பந்து வலையில்.

"ஒண்ணு போட்டாச்சு!"

"கீழ வராத! அங்கேயே நில்லு! நீ நின்னாத்தான் விழுது!"

நின்றாள். வெயிலில் கண் கூசியது, கால் கடுத்தது, நகர்ந்தால் ராசி போய்விடுமோ என்று அப்படியே நின்றாள். பஸ் டிரைவர் இரண்டாவதைப் போட்டார். அதன் பிறகு நேரம் நகரவே இல்லை. தொட்டிக்குப் பின்னால் ஒவ்வொரு தடவை சத்தம் எழும்பும்போதும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கடைசியில் வெல்டர் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அவரே மறுபடி ஓங்கி உதைத்தார்.

"கோல்!"

அவள் கத்தியபோது காதருகே இன்னொரு குரலும் கத்தியது. திரும்பினாள். அவர்! கட்டுப் போட்ட காலைத் தரையில் உதைத்து உதைத்துக் குதித்துக்கொண்டிருந்தார்.

விசில் ஒலித்தது. மைதானமே வெல்டர் மேல் போய் விழுந்தது.

"பேக்கரிக்காரன் நல்லாத்தான் நிக்கிறான்" என்றார்.

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "என்னைத் திட்டுங்க. உங்க கால்ல ஒண்ணுமே இல்ல. நான்தான் பொய் சொன்னேன்" என்று அழுதுவிட்டாள்.

அவர் திட்டவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு ரெண்டு! அண்ணே, மூணு ரெண்டு!" என்று மொத்த டீமும் வீட்டை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது.

அவர் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கி, நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"சீக்கிரம், கட்டைப் பிரி!"

"ஐயோ, பிரிச்சா அவங்களுக்குத் தெரிஞ்சிடுமே!"

"பிரிச்சு அந்தக் கால்ல கட்டு. நிறுத்திக்கறேன்னு சொல்ல எனக்கும்தான் வாய் வரல. வியாழக்கிழமை அத்தனை பேர் முன்னாடியும் நான் வேணும்னே விழுந்து காட்டினது வலது கால்ல!"