சனிக்கிழமை நாற்காலி

“தலையை ஆட்டாதீங்க தம்பி! அப்புறம் காது என் கையில இருக்கும்!”

சபை மூப்பர் எச்சரித்தார். நாற்காலியில் இருந்த மூட்டைதூக்குபவர், தலையோடு சேர்த்து மூச்சையும் நிறுத்திக்கொண்டார்.

மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வுபெற்றவர் மூப்பர். மூன்று வருடங்களாகச் சனிக்கிழமை காலை ஏழு மணியானால் அந்தச் சந்தின் தண்ணீர்த் தொட்டியடியில் அவரைப் பார்க்கலாம். ஒரு மடக்கு நாற்காலி, ஒரு வெள்ளைத் துணி, சீப்பு, கத்தரி. முதலில் உட்காருபவரின் ஆத்துமாவுக்காகக் கண்மூடி ஒரு ஜெபம். பிறகு இலவசமாக முடிவெட்டு. கண்ணாடி மட்டும் வைத்துக்கொள்ளமாட்டார். பெருமை என்பது கண்ணாடியில்தான் தொடங்குகிறது என்பது அவர் கொள்கை.

அன்பில் குறை வைக்காத ஆண்டவர், அவருக்குக் கைத்திறமையில் மட்டும் சற்றுக் குறை வைத்துவிட்டார். இடப்பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் அங்கே வெட்டுவார். உடனே வலப்பக்கம் கூடுதலாகத் தெரியும். பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதைதான். இரண்டு பக்கமும் சமமாகும் வேளையில் பங்கிட எதுவும் மிஞ்சியிருக்காது.

வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ தலைதான் வரும். ஆனால் சந்து முழுவதும் சுற்றி நின்று பார்க்கும். தம்முடைய ஜெபத்தைக் கேட்கத்தான் கூடுகிறார்கள் என்று மூப்பர் நம்பினார்.

துணியை உதறிக்கொண்டு மூட்டைதூக்குபவர் எழுந்தார். ஆடு பாதி மேய்ந்துவிட்டு மனம் மாறிப் போன தோட்டம்போல் இருந்தது அவர் தலை. கையால் அதைத் தடவிப் பார்த்தார். கண்கள் கலங்கின.

“ஐயா, சத்தியமா இனிமே குழாயடியில யாரோட குடத்தையும் எட்டி உதைக்கமாட்டேன்.”

“ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!” என்று மூப்பர் உருகிப்போனார்.

வீட்டுக்கு வந்தும் அவருக்குப் பூரிப்பு அடங்கவில்லை.

“அந்தச் சந்துல முரடனாப் பார்த்துப் பார்த்துதான் கர்த்தர் என் நாற்காலிக்கு அனுப்புறார். முறைச்சுக்கிட்டே உட்காருறவன் அழுதுகிட்டே எழுந்திருக்கிறான். ஊழியம்னா இதும்மா!”

முடி ஒட்டிய வெள்ளைத் துணியை வாளியில் முக்கிக்கொண்டே மனைவி சொன்னாள்: “ஊழியம் இருக்கட்டும். அதே சந்துல ஒரு மனுஷன் சலூன் வச்சிருக்காரே, அவர் வயித்துல அடிக்கிறோமேன்னு என்னிக்காவது யோசிச்சீங்களா?”

மூப்பருக்குச் சுருக்கென்றது. வாரம் முழுவதும் சோறு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, தொட்டியடியில் நாற்காலியைப் போட்டுவிட்டு நேராகச் சலூனுக்குப் போனார். சலூன்காரர் தன்னந்தனியாகக் கண்ணாடிமுன் நின்றிருந்தார். நெற்றியில் அழகாகச் சுருண்டு விழும் அவருடைய முடிக்கற்றைதான் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை. வெளியூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

‘பட்டினி!’ என்று மூப்பரின் மனம் அலறியது.

“தம்பி, என்னை மன்னிச்சிடுங்க. தர்மம் பண்றேன்னு உங்க பிழைப்பைக் கெடுத்துட்டேன். இந்த ஊழியத்தை நிறுத்திடறேன். இந்தாங்க, கத்தரியை நீங்களே வச்சுக்குங்க.”

சலூன்காரர் இமைக்க மறந்தார். “நிஜமாவா? அடுத்த வாரத்துலேர்ந்தா... இன்னிக்கேவா?”

“இன்னிக்கேதான்.”

“தெய்வமே!” சலூன்காரர் கத்தரியைப் பறித்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். “நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும் ஐயா! உடனே வீட்டுக்குக் கிளம்புங்க. பின்வாசல் வழியாவே போயிடுங்க!”

இந்த மனிதரை இவ்வளவு வாட்டிவிட்டோமே என்று மூப்பரின் நெஞ்சு வெடித்தது.

“யாரைக் கேட்டு நிறுத்துறீங்க?”

வாசலில் இஸ்திரிக்காரம்மா நின்றார். ஒரு கையில் மூப்பரின் மடக்கு நாற்காலி. முதுகுக்குப் பின்னால் மொத்தச் சந்து.

“இல்லம்மா... என்னால இவர் பிழைப்பு...”

“இவர் பிழைப்புக்கு என்ன குறைச்சல்? சாயங்காலம் வந்து பாருங்க, கடையில கால் வைக்க இடம் இருக்காது.”

“பின்னே நான் நிறுத்தறேன்னதும் ஏம்மா இவ்வளவு சந்தோஷப்படறார்?”

“படமாட்டாரா பின்னே! வியாழக்கிழமை கடையைக் கூட்டி, குப்பை முடி அத்தனையையும் நான் தேய்ச்சு அடுக்கின வெள்ளைச் சட்டைங்க மேல தள்ளினாரே! கேட்டதுக்கு ‘காத்து அடிச்சா நான் என்ன பண்ண’ன்னு திமிராப் பேசினாரே!”

“அதுக்கும் என் ஊழியத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?”

இஸ்திரிக்காரம்மா நாற்காலியைப் படீரென்று விரித்துப் போட்டார்.

“ஐயா, நீங்க வர்றதுக்கு முன்னாடி இங்க வாரம் ஒரு மண்டை உடையும், போலீஸ் வரும். இப்போ யார் தப்புப் பண்ணினாலும் நாங்க கை ஓங்கறதே இல்ல. சந்தே கூடித் தீர்ப்புச் சொல்லி, சனிக்கிழமை உங்ககிட்ட உட்கார வச்சுடறோம்!”

பூட்டிய அலமாரி மெல்லத் திறந்தது. சலூன்காரர் கத்தரியை எடுத்து மூப்பர் கையில் வைத்துவிட்டு, “தப்புதான் அக்கா, மன்னிச்சிடு” என்று இஸ்திரிக்காரம்மாவைக் கும்பிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூன்று வருடங்களாக ஆத்துமாவுக்காக மட்டுமே ஜெபித்துவந்த மூப்பர், அன்று முதன்முறையாக முடிக்காகவும் சேர்த்து ஜெபித்தார்.