சூட்டுப் பெட்டி

“அந்தச் சூட்டுப் பெட்டிக்கு இன்னும் செலவு பண்ணணுமா, மாப்ள? சூடா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே.” மனமில்லாமல்தான் தன் தையல் டேப்பை எடுத்துக் கொடுத்தார் மாமியார்.

மாப்பிள்ளை டேப்பை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். தன் கம்ப்யூட்டரைக் கண்டாலே அத்தைக்கு ஆகாது என்பது அவருடைய நெடுநாள் முடிவு. அவர் வேலையில் இருக்கும்போது அந்த அறை வாசலில்கூட அத்தை நிற்பதில்லை.

கட்டப்போகும் வீட்டைக் கட்டி முடித்தது போலவே படமாக்கித் தருவது மாப்பிள்ளையின் தொழில். காலை பதினொரு மணிக்குப் படத்தைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டுக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போவார். ஐந்து மணிக்குத் திரும்பினால் படம் பாதியில் நிற்கும். பெட்டி சூடு தாங்காமல் தானாக அணைந்து கிடக்கும்.

மழை பிடித்ததிலிருந்து பத்து நாளாக இதே கூத்து. ஊரே போர்த்திக்கொண்டு நடுங்குகிறது, இது மட்டும் கொதிக்கிறது.

“நாளைக்குள்ள பன்னிரண்டு படமும் கைக்கு வரலைன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்” என்று பில்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு அந்த ஒரு பில்டரை விட்டால் வேறு கதி இல்லை. போன வாரமே இரண்டு பேர் இவர் இடத்துக்கு அடி போட ஆரம்பித்துவிட்டார்கள்.

பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ப்ராசஸரிலிருந்து மூடி வரைக்கும் டேப் வைத்து அளந்தார். பதினைந்தரை சென்டிமீட்டர். அதற்குள் அடங்குகிற, சூட்டைத் தணிக்கிற கூலர் வேண்டும், இரண்டாயிரத்துக்குள்ளும் அடங்க வேண்டும். முதல் அளவு பெட்டி போட்டது, இரண்டாவது அளவு மனைவி போட்டது.

“பார்த்துப் போங்க. திரும்பி வந்து ஒரு வாய் சாப்பிடுங்க, தயிர் இருக்கு” என்றாள் மனைவி. அந்த மழையிலும் அத்தையின் தயிர் கத்தி வைத்து வெட்டுகிற பதத்தில் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் அதைக் கைராசி என்று சொல்லி, தினமும் கிண்ணத்தோடு வந்து உறைமோர் வாங்கிப் போகிறார்.

பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, தான் நனைந்து அதற்குக் குடை பிடித்துக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார் மாப்பிள்ளை. கடைக்காரர் அதை அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்.

“எழுபது டிகிரியைத் தாண்டலையே சார். நல்லாத்தானே இருக்கு?”

“டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்ட மாதிரி நடிக்குது. எங்க வீட்டுக்கு வந்து பாருங்க, அப்பத் தெரியும் இதோட லட்சணம்.”

“மேல இருக்கற சல்லடை வழியாத்தான் சூடு வெளிய போகணும். அதை மூடற மாதிரி எதுவும் வைக்கறதில்லையே?”

“ஒரு துண்டுப் பேப்பர்கூட வைக்க மாட்டேன் சார்” என்றார் மாப்பிள்ளை. அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

கடைக்காரர் மூன்று கூலர்களை எடுத்து மேசையில் வைத்தார். முதலாவது கல்யாண வீடு மாதிரி கலர் கலராக எரிந்தது. ஒரு சென்டிமீட்டர் உயரம் அதிகம், விலை இரண்டு மடங்கு. இரண்டாவது சம்புடம் மாதிரி குட்டையாக, மலிவாக இருந்தது.

“இது உங்க வேலைக்கு ஆகாது. ரெண்டாவது படத்துலயே மூச்சு வாங்கும்” என்றார் கடைக்காரர்.

மூன்றாவது எல்லாவற்றுக்கும் பொருந்தியது, உயரத்தைத் தவிர. மூன்று மில்லிமீட்டர் அதிகம்.

“மூணு மில்லிதானே. அமுக்கி மூடிடலாமே?”

“சூட்கேஸா சார் இது, மேல ஏறி உட்கார்ந்து மூட?”

மாப்பிள்ளையின் முகம் விழுந்ததைப் பார்த்த கடைக்காரர், ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டின் பின்னாலிருந்து தூசி படிந்த அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கினார். “இதுக்கு லைட்டு இல்ல, அழகும் இல்ல. அதனாலயே யாரும் வாங்கல. உங்க பழசு காத்தை மேல தள்ளுது, இது பின்பக்கமாத் தள்ளும். விலை உங்க கணக்குக்குள்ள வரும்.”

கூலரைப் பொருத்தி மூடியைத் தள்ளும்போது மாப்பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டார். மூடி உரசாமல் போய் உட்கார்ந்தது. இடையில் ஒரு மில்லிமீட்டர் மிச்சம்.

மறுநாள் பதினொரு மணிக்கு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனவர், ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தார். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு படங்களும் தயாராக இருந்தன. அனுப்பிய கால் மணி நேரத்தில் பில்டர் அடுத்த கட்டடத்தின் வரைபடத்தை அனுப்பி வைத்தார். மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. “பார்த்தீங்களா அத்தை? வீண் செலவுன்னீங்களே. இப்பப் பெட்டி மேல கையை வச்சா ஜில்லுனு இருக்கு.”

அத்தை தயிர்ப் பாத்திரத்தைச் சாய்த்தார். அது தட்டில் விழுந்து நாலு பக்கமும் ஓடியது.

“என்னம்மா இது, பாலா தயிரா?” என்றாள் மகள்.

அத்தை மாப்பிள்ளையைக் குறையோடு பார்த்தார்.

“பத்து நாளா வைக்கற மாதிரி உங்க பெட்டி மேலதான் வச்சேன், மாப்ள. இன்னிக்குச் சூடே வரல.”