கொல்லிமலையில் பறித்த நாற்பது இலைகள்

காய்ந்த இலையை ஒலிப்பானில் வைத்தால், அதைப் பறித்தபோது பக்கத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது கேட்கும். இந்த வசதி வந்த வருடமே தாவரவியல் செய்முறைத் தேர்வில் பாதிப் பேர் பெயில்.

முகிலரசு செடி ஒட்டிய நாற்பது தாள்களை அடுக்கி, நாற்பதிலும் 'கொல்லிமலை' என்று லேபிள் எழுதியிருந்தான். முப்பத்தொன்பது இலைகள் "மாஸ்டர், ரெண்டு டீ" என்றன.

"கொல்லிமலையில எத்தனை டீக்கடை தம்பி?" என்றார் எக்ஸ்டர்னலாக வந்திருந்த பேராசிரியை பேரின்பவல்லி.

"ஊரு வளர்ந்துடுச்சு மேடம்."

ஒரு தாளாவது உண்மையாக இருந்தால் பாஸ் என்பது விதி. அதற்காகவே நாற்பதாவது தாளை, முன்னாள் மாணவர்களின் தாள்கள் கிடந்த துறையின் பழைய பீரோவிலிருந்து உருவி, அதிலிருந்த லேபிள் மேல் தன் லேபிளை ஒட்டியிருந்தான். அந்தக் காலத்துப் பிள்ளைகள் நேர்மையானவர்கள் என்று அவன் அப்பா தினமும் சொல்வார்.

பேரின்பவல்லி அந்த இலையை வைத்தார். ஒரு பெண்குரல் சிரித்தது.

"ஏய் பேரின்பம், மலையெல்லாம் எவ ஏறுவா? கேன்டீன் வேலியிலயே புடுங்குடி. கொல்லிமலைன்னு எழுதிக்கலாம்."

அவர் ஒட்டிய லேபிளை நகத்தால் லேசாகத் தூக்கிப் பார்த்தார். அடியில் அவருடைய கையெழுத்தே இருந்தது. ஒலிப்பானை அணைத்தார். 'கேட்ட ஒலி' என்ற கட்டத்தில் 'அருவி' என்று எழுதி, பாஸ் போட்டார்.

முகிலரசு கும்பிட்டுவிட்டுக் கிளம்பினான்.

"தம்பி, நில்லு. பீரோவுல இன்னும் முப்பத்தொன்பது இருக்கும். யாரும் பாக்காம எடுத்துட்டு வா."