அப்பாவின் கஷாயம்

அபூர்வா காகிதப் பட்டையை அப்பாவின் கஷாயத்தில் தோய்த்து எடுத்தாள். மூலிகைச் சத்து இருந்தால் அது நீலமாக வேண்டும். அவளுடைய ஆய்வகத்தில் தயாரித்த பட்டை. விலை மலிவுதான், ஆனால் பொய் சொல்லாது.

"போன வாரம் லேசா நீலம் வந்தது. இன்னிக்கு அதுவும் இல்லை. எந்தக் கடைப்பா?"

"விடும்மா" என்று கல்யாணராமன் டம்ளரை ஊதிக் குடித்தார்.

"எப்படி விடறது? வெறும் வெந்நீரைக் குடிச்சிண்டிருக்கே. கிளம்பு, அந்தக் கடைக்கார பையாவை நானே கேக்கறேன்."

"கடையில வாங்கலைடி."

மயூர் விஹார் வெயிலில், பால்கனிக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த சின்னத் துணி மூட்டையை அவர் எடுத்துவந்தார். உள்ளே மூலிகைகள். கொதித்துக் கொதித்துத் துணி பழுப்பேறியிருந்தது.

"உங்கம்மா கட்டிவெச்சதுல கடைசி. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பி வரலை. இதையேதான் தினம் கொதிக்கவெச்சுக் காயப்போடறேன்."

அம்மா போட்ட இரட்டை முடிச்சு இன்னும் அவிழாமல் இருந்தது.

"சுத்தமா போயிடுத்தா?" என்று கேட்டார்.

அபூர்வா வெள்ளைப் பட்டையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இல்லைப்பா. ஓரத்துல துளி நீலம் இருக்கு. எனக்கும் ஒரு டம்ளர் குடு."