எட்டாவது கல்

“பாசி தேய்க்க என் பல் பிரஷ்தான் கிடைச்சுதா உனக்கு?”

“பழசுதாங்க. இந்தப் பவளம் மட்டும் பிழைக்கட்டும், புதுசா ரெண்டு வாங்கித் தரேன்,” என்றாள் மனைவி.

மீன்தொட்டியில் மிஞ்சியிருந்த ஒரே பவளத்தையும் பாசி நெருக்கிக்கொண்டிருந்தது. அவள் விடுவதாக இல்லை. தொட்டியின் ஏழு கற்களையும் உப்புநீர் வாளியில் போட்டுத் தேய்த்து, ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள். வாளியில் இன்னொரு பாசிக்கல் கிடந்தது. அதையும் தேய்த்து வைத்தாள். பவளம் லேசாக விரிந்தது. வாளியில் மறுபடியும் ஒரு கல்.

மதியத்துக்குள் இருபது கல் வைத்துவிட்டாள். பவளம் நன்றாக விரிந்திருந்தது. கணவன் வந்து தொட்டியில் இருந்த கற்களை எண்ணினான். ஏழுதான்.

அவள், ஒரு முழம்கூட உயரமில்லாத வாளிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

“போதும்மா. கையை வெளியே எடு.”