அவள் சொன்ன வரி

டோர்ட்மண்ட் குடும்ப நீதிமன்றத்தின் சிறிய வாசிப்பறையில் குமுதினி தன் விவாகரத்துக் கோப்பைப் புரட்டுகிறாள். யன்னல் கண்ணாடியில் மழை வழிகிறது. மகள் யாரோடு வளர்வது என்ற வழக்கு அடுத்த வாரம் வருகிறது. விவாகரத்து விசாரணையில் கத்தியதற்காக முன்னாள் கணவன் தபோதரனை நீதிபதி கண்டித்தது பதிவான பக்கம்தான் அவளுக்கு வேண்டும். கூட வந்த தோழி எவ்லின் அதைக் கண்டுபிடித்துவிடுகிறாள். "இது போதும் அக்கா, இனிப் பயப்பிடாதேங்கோ." குமுதினியின் விரலோ அடுத்த பக்கத்தில் நின்றுவிட்டது. அன்றைக்கு அவளே சொன்னது அங்கே ஜெர்மன் மொழியில் இருக்கிறது: அவர் நல்ல தகப்பன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நித்திரை கொள்ளமாட்டார். எவ்லின் குரலைத் தாழ்த்துகிறாள். "இதை விடுங்கோ. அவருக்குத்தான் உதவும்." "நான் சொன்னதுதானே, எவ்லின்." "ஓம், சொன்னனீங்கள். பிள்ளை கைவிட்டுப் போனால்?" குமுதினி தாளின் மடிந்த ஓரத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருக்கிறாள். ஹீட்டர் மெல்ல முனகுகிறது. அலுவலகப் பெண் வந்து, எந்தப் பக்கத்தைப் பிரதி எடுக்க வேண்டும் என்று கேட்கிறாள். குமுதினி நீதிபதி கண்டித்த பக்கத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். பிறகு, எவ்லினைப் பார்க்காமலே, அடுத்ததையும்.